மழலையர்க்கு உள்நோக்கு மருத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

தவழும் மழலை, காணும் பொருளை எல்லாம் முதலில் வாயால்தான் அறிய முற்படுகிறது. நாணயம், ஊக்கு, நிலக்கடலை, பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் அளவு பாட்டரி என, கைக்கு எட்டியதெல்லாம் அதற்கு வாய்க்கும் எட்டிவிடுகிறது. குளியலறை கழுவும் அமிலத்தைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. இவை போக, ஓயாத வாந்தியாலும், காரணம் விளங்காத வயிற்று வலியாலும், மலத்தில் இரத்தம் போவதாலும் துன்புறும் குழந்தைகள் பலர். இவர்களுக்கெல்லாம் மருத்துவர் இன்று கூறும் வழிகளுள் ஒன்று, எண்டோஸ்கோப்பி என்று யாவரும் அறிந்த உள்நோக்குச் சோதனை. கத்தி படாமல், வாய் வழியாகவோ ஆசன வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே இருப்பதைக் கண்ணால் கண்டு, இயன்றால் அங்கேயே சரிசெய்துவிடும் முறை அது.

இதைக் கேட்டவுடன் பெற்றோர் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: “இன்றே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா, தங்க வேண்டுமா?” ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாய் உழைக்கும் ஒரு தந்தைக்கு, மருத்துவமனையில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இழந்த நாள். தாய்க்கோ, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையின் நினைவு. எனவே, அன்றே திரும்பலாம் என்றால் மனம் மகிழ்கிறது. மறுகணமே, அவசரப்பட்டு அனுப்புகிறார்களோ என்று அஞ்சவும் செய்கிறது. இந்த மகிழ்ச்சி, அச்சம் ஆகிய இரண்டில் எதற்கு நியாயம் அதிகம்? இதற்கு விடை காண, மருத்துவ வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டுதல் நலம்.

தொண்டையில் சிக்கிய முள்

அரபு மொழியில் உள்நோக்குக் கருவிக்கு ‘மின்ளார்’ என்று பெயர். ‘நளர்’, அதாவது பார்வை என்னும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அச்சொல். அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்தான், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னுல் ஹைஸம் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் நூலின் தலைப்பில் இருப்பது. ஒளி பொருளின்மீது பட்டுக் கண்ணை வந்தடைவதால்தான் பார்வை நிகழ்கிறது என்று அந்நூல் நிறுவிற்று. உடலின் இருண்ட உட்புறத்தைக் காண விரும்புபவன், முதலில் அங்கே ஒளியைக் கொண்டு செல்ல வேண்டும். பிறகு அந்த ஒளியைத் தன் கண்ணுக்குத் திரும்பக் கொணர வேண்டும். உள்நோக்கு மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இந்த இரு சிக்கல்களின் வரலாறே.

இப்னுல் ஹைஸமின் சமகாலத்தவரும் வயதில் மூத்தவருமான அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்தவர். ஏறத்தாழ 1013இல் மறைந்தவர். அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்ட பெருநூல். அறுவை மருத்துவம் பற்றிய அதன் இறுதிப் பகுதியில் சுமார் 200 கருவிகளின் படங்கள் இடம்பெற்றுள்ளன. தொண்டையில் எலும்போ முள்ளோ சிக்கினால் செய்ய வேண்டியதை அவர் அதில் விளக்குகிறார். நோயாளியை வெயில் வெளிச்சத்தில் அமர்த்தி, நாவை அழுத்தித் தொண்டையை நோக்க வேண்டும். கண்ணுக்குத் தென்படாத ஆழத்தில் சிக்கியிருந்தால், சிறு கடற்பஞ்சுத் துண்டை நூலில் கட்டி விழுங்கச் செய்து, பிறகு நூலை இழுத்துப் பஞ்சோடு முள்ளையும் வெளிக்கொணரலாம். கண் எட்டுமளவுக்குக் கண். எட்டாத இடத்தில் கருவி. இந்நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்விக்கூடங்களில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது.

புறநோயாளி, உள்நோயாளி என்னும் பாகுபாடும் பழமையானதே. நோயாளி என்று பொருள்படும் ‘பீமார்’ என்னும் பாரசீகச் சொல், ஓசூர், கிருஷ்ணகிரித் தெருக்களில் உருது பேசுவோர் நாவில் இன்றும் வழங்குகிறது. அதிலிருந்து அமைந்ததே, மருத்துவமனையைக் குறிக்கும் ‘பீமாரிஸ்தான்’. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி பீமாரிஸ்தானில், தங்கிச் சிகிச்சை பெறுவோருக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. வந்து மருந்து பெற்றுச் செல்வோருக்கும் இடமிருந்தது. அதற்கும் முன்னே, 10ஆம் நூற்றாண்டில், கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் தம் வீட்டு முகப்பிலேயே மருந்துச் சாவடி அமைத்து, வந்தவரைப் பார்த்தனுப்பியவர். குழந்தை வளர்ப்பையும் குழந்தை நோய்களையும் பற்றித் தனிநூல் யாத்தவரும் அவரே. ஆகவே, ‘யார் தங்க வேண்டும், யார் திரும்பலாம்’ என்னும் வினா நம் காலத்து மருத்துவச் செலவினால் மட்டும் பிறந்ததன்று.

வாள் விழுங்கியும் வளையும் ஒளியும்

உடலுக்குள் ஒளியைச் செலுத்தும் முயற்சி 1806இல் புது வேகம் பெற்றது. ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் போசினி, மெழுகுவத்தியும் கண்ணாடியும் கொண்ட ‘ஒளி நடத்தி’ ஒன்றைச் செய்தார். வியன்னாவின் மருத்துவப் பெருமக்கள் அதனை வரவேற்கவில்லை. 1868இல் அடால்ஃப் குஸ்மவுல் என்பார், நேரான உலோகக் குழாயை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். அதற்கு உடன்பட்டவர் கண்காட்சிகளில் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர்! வளையாத குழாயை ஏற்க, கழுத்தை நிமிர்த்தி அசையாதிருக்கப் பழகிய உடல் வேண்டியிருந்தது. அழுது திமிறும் பிள்ளைக்கு அந்தக் கருவி எங்ஙனம் பொருந்தும்?

1897இல் ஃபிரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழலில் சிக்கிய எலும்பை வாய் வழியாகவே எடுத்தார். இத்துறையைக் குழந்தைகளுக்காகச் செம்மைப்படுத்திய பெருமை, 1865இல் பிறந்த அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சனைச் சாரும். விழுங்கப்பட்டும் மூச்சோடு இழுக்கப்பட்டும் உள்ளே சென்ற ஊக்குகள், நாணயங்கள், பொத்தான்கள், விதைகள் முதலியவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் பாதுகாத்து வைத்தார் அவர். அவ்வாறு சேர்ந்த 2,374 பொருள்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியா நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் அத்தோடு நிற்கவில்லை. வீட்டில் வைத்திருக்கும் காரப்பொருளைக் குடித்துக் குடல் வெந்த பிள்ளைகளைக் கண்டு மனம் நொந்து, அத்தகைய பொருள்களின் புட்டிகளில் நஞ்சு என்று அச்சிடக் கட்டாயப்படுத்தும் சட்டத்திற்காகப் பல்லாண்டு போராடி, 1927இல் வெற்றியும் கண்டார். வருமுன் காத்தலே முதல் மருத்துவம் என்பதை அந்த மருத்துவர் நன்குணர்ந்திருந்தார்.

குழாய் வளைய வேண்டும். ஒளியும் அதனோடு வளைய வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களுள் நம் நாட்டவரும் ஒருவர். பஞ்சாபின் மோகா நகரில் 1926இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளின் கற்றை வழியே உருவத்தை அனுப்ப இயலும் என்று 1954இல் வெளியிட்டார். அதனைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், 1957இல் அமெரிக்காவில் வளையும் உள்நோக்கியைச் செய்து முடித்தார். முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்த பின்னரே நோயாளிக்குச் செலுத்தினார். 1970களில் குழந்தைகளுக்கேற்ற மெல்லிய கருவிகள் வந்தன. பெரியோர்க்கான கருவி 9 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் கொண்டதாயிருக்க, கைக்குழந்தைக்கானது 5, 6 மில்லிமீட்டர் அளவில் அமைந்தது.

கிளாஸ்கோவின் எண்ணாயிரம் குழந்தைகள்

கருவியின் கதை இவ்வாறிருக்க, குழந்தையை அன்றே வீட்டுக்கு அனுப்பலாம் என்னும் துணிவு எங்கே பிறந்தது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்.

அங்கே குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் பணியாற்றிய ஜேம்ஸ் நிக்கால், பத்தாண்டுகளில் 8,988 அறுவைகளைப் புறநோயாளர்களுக்கே செய்ததாக 1909இல் அறிவித்தார். பிளவுண்ட உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம் முதலிய குறைகளுடன் வந்த பிள்ளைகள் அவர்கள். பெரும்பகுதியினர் ஏழைத் தொழிலாளர் வீட்டுச் செல்வங்கள். கப்பல் கட்டும் தொழிலும் இரும்பு ஆலைகளும் நிறைந்த நகரம் கிளாஸ்கோ. ஓசூரை நினைப்பவர்க்கு அந்நகரின் நிலை எளிதில் விளங்கும்.

நிக்காலின் வாதம் எளியது. அறுவைக்குப் பின் கைக்குழந்தை அமைதியாக உறங்குவது தாயின் மடியில்தான்; முன்பின் அறியாத கட்டிலில் அன்று. எனினும் அவர் வெறுமனே கதவைத் திறந்து அனுப்பிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செவிலியர்கள் வீடு தேடிச் சென்று புண்ணைப் பார்த்தார்கள். பாலூட்டும் தாயர் குழந்தையுடன் தங்குவதற்கென மருத்துவமனைக்கு அருகே ஒரு வீட்டையும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். அதாவது, மருத்துவமனை தன் பொறுப்பைக் கைவிடவில்லை. அப்பொறுப்பை வீடு வரை நீட்டியது. இந்த வேறுபாட்டை உணராமல் நிக்காலைத் துணைக்கழைப்பவர், அவர் சொன்னதில் பாதியை மட்டுமே கேட்டவர் ஆவர்.

குழந்தை தங்குவதால் விளையும் உளத்துயரையும் உலகம் பின்னர் உணர்ந்தது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தாயைப் பிரிந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். அக்காலத்தில் அங்கே பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே பிள்ளையைக் காண இயலும். 1959இல் பிரிட்டனில் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, தவிர்க்கவியலாத நிலையிலன்றிக் குழந்தையைச் சேர்க்கலாகாது என்றும், சேர்த்தால் தாயும் உடனிருக்க இடம் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் நாட்டில் தாயோ பாட்டியோ கட்டிலருகே பாய் விரித்துக் கிடப்பது வழக்கமாதலால், அந்தத் துயர் இங்கே சிறிது தணிவே. இருப்பினும், பிற நோயாளர்களிடமிருந்து தொற்றும் கிருமிகள் இங்கும் அஞ்சத்தக்கவையே.

மூச்சைக் காத்த இரண்டு

பெரியவருக்குத் தொண்டையை மரக்கச் செய்து, ‘சற்றே பொறுங்கள்’ என்று சொல்லி உள்நோக்குச் சோதனையை முடித்துவிடலாம். குழந்தைக்கு அது ஆகாது. ஆழ்ந்த உறக்கமோ முழு மயக்கமோ வேண்டும். எனவே குழந்தைகளின் உள்நோக்கு மருத்துவத்தில் முதன்மையான ஆபத்து குழாயால் வருவதன்று; மயக்கத்தால், மூச்சால் வருவது. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது; உணவுக்குழாயில் இறங்கும் கருவி அதனை அழுத்தவும் கூடும். பெரியவரைவிடக் குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு விரைந்து குறைந்துவிடும்.

இந்த ஆபத்தைத் தணித்தவை இரண்டு. ஒன்று, ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட தத்துவத்தின் வழி உருவாகி, 1980களில் எங்கும் பரவிய விரல்நுனிக் கருவி. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஊசி குத்தாமலேயே இரத்தத்தின் பிராணவாயு அளவைக் கணந்தோறும் காட்டுகிறது. உதடு நீலம் பாரிக்கும் வரை காத்திராமல் மருத்துவர் முன்னரே விழித்துக்கொள்ள இயன்றது. மற்றது, 1986இல் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த புரோபோஃபால் என்னும் மயக்க மருந்து. அதனைக் கண்டறிந்த இயன் கிளென் கால்நடை மருத்துவம் பயின்றவர். விரைவில் உறங்கச் செய்து, விரைவில் விழிக்கவும் செய்வது இம்மருந்து. காலையில் சோதனை, நண்பகலில் பால், மாலையில் வீடு என்னும் ஒழுங்கு இவற்றால் கைகூடிற்று.

எண்கள் உரைப்பதும் உரைக்காததும்

அமெரிக்காவில் 13 மருத்துவ நிலையங்களில் 1999 முதல் 2003 வரை குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட 10,236 இரைப்பை உள்நோக்குச் சோதனைகளை ஆராய்ந்து, 2007இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. உடனடிச் சிக்கல் நேர்ந்தவை நூற்றுக்கு 2.3. அவற்றுள்ளும் பெரும்பகுதி, பிராணவாயு சிறிது குறைந்ததே. இரத்தக் கசிவு நூற்றுக்கு 0.3 மட்டுமே. வயது குறையக் குறையவும், வேறு நோய் மிக மிகவும் ஆபத்து கூடியது. இவை சோதனையின்போதே நேர்ந்தவற்றின் கணக்கு என்பதையும் நினைவில் கொள்க. வீட்டுக்குச் சென்றபின் நேர்பவை இதில் அடங்கா.

இங்கே ஓர் எச்சரிக்கை. தங்கிச் சிகிச்சை பெற்றவர்களிடம் சிக்கல் மிகுதி, திரும்பியவர்களிடம் குறைவு என்று ஒரு கணக்கைக் கண்டால், ‘ஆகவே தங்குவதே தீது’ என்று முடிவு கட்டிவிடலாகாது. நோய் மிகுந்த குழந்தையைத்தான் தங்கவைக்கிறார்கள்; நலமான குழந்தையைத்தான் அனுப்புகிறார்கள். ஒத்தவரோடு ஒத்தவரை ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்கர் அர்ராஸீ இதனை அறிந்திருந்தார். மூளைக்காய்ச்சலின் அறிகுறி கொண்டவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், இன்னொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டும், இரண்டையும் ஒப்புநோக்கியதாகத் தம் மருத்துவக் குறிப்புகளில் பதிந்துள்ளார். குருதி வடித்தல் பயன் தரும் என்று அவர் கண்ட முடிவை இன்று எவரும் ஏற்பதில்லை. ஒப்பிட வேண்டும் என்னும் நெறியோ இன்றும் நிலைபெற்றுள்ளது.

இந்த நெறியோடு நோக்கும்போது மருத்துவ உலகம் இன்று ஏறத்தாழ ஒருமித்துக் கூறுவது இதுவே: வேறு நோயில்லாத குழந்தைக்கு, முன்கூட்டித் திட்டமிட்டு, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதில் பயின்ற மருத்துவர் உடனிருந்து செய்யும் சோதனையாயின், நன்கு விழித்து, நீர் பருகி, வாந்தியின்றி இருப்பதைக் கண்டபின் அன்றே அனுப்பலாம். குறைமாதத்தில் பிறந்து இன்னும் சில மாதமே நிரம்பிய சிசுவை அனுப்பலாகாது; மயக்கத்திற்குப்பின் மணிகள் கழித்தும் அதன் மூச்சு நின்றுபோகக்கூடும். இதய நோயுள்ள குழந்தை, இரத்த வாந்தி எடுத்த குழந்தை, அமிலம் குடித்த குழந்தை, சுருங்கிய உணவுக்குழாயை விரித்த குழந்தை, மூச்சுக்குழலிலிருந்து கடலை எடுக்கப்பட்ட குழந்தை ஆகியோரைப் பெரும்பாலும் தங்கவைத்தே பார்ப்பர்.

பொத்தான் பாட்டரியைத் தனியே சொல்ல வேண்டும். உணவுக்குழாயில் சிக்கிய நாணயம், குழந்தை துன்பமின்றி இருந்தால் சில மணி நேரம் காத்திருக்கலாம். பாட்டரி காத்திராது, 2 மணி நேரத்திற்குள்ளாகவே சதையை அரித்துவிடும். அதனை எடுத்த பின்னரும், நாள்கள் கழித்துப் பெருங்குருதி பெருகி உயிர் போவதுண்டு. நாணயத்தை எடுத்த அன்றே வீடு திரும்பிய அண்டை வீட்டுப் பிள்ளையை உவமை காட்டி, பாட்டரி விழுங்கிய பிள்ளையையும் அழைத்துச் செல்ல அவசரப்படுதல் பெருந்தவறு.

எல்லைப்புறத்து நிலை

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல்தான். குழந்தைகளுக்குரிய நுண்மருத்துவம் நாடுவோர் பலர், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கே செல்கின்றனர். சிலர் வேலூர், சேலம் செல்கின்றனர். எனவே ‘புறநோயாளி’ என்னும் சொல்லுக்கு இங்கே, பெருநகரில் இல்லாத பொருள் ஒன்று உண்டு: தொலைவு.

சோதனைக்கு முன் குழந்தை வெறும் வயிற்றோடு இருத்தல் வேண்டும். திட உணவுக்கு 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தெளிந்த நீருக்கு 2 மணி என்பது நெடுநாளைய கணக்கு. அத்திப்பள்ளி எல்லையில் வாகனங்கள் தேங்கிநின்றால், பசித்த குழந்தை மேலும் வாடும். ‘இரவிலிருந்தே எதுவும் கொடுக்கவில்லை’ என்று பெருமையோடு கூறும் தாயரும் உளர், அதுவும் தீங்கே. எதை, எந்த மணி வரை கொடுக்கலாம் என்று முதல் நாளே கேட்டறிந்து, இயன்றால் காலையின் முதற்பிள்ளையாகச் சோதனைக்கு நேரம் பெறுவது நன்று.

திரும்பும் வழியும் அப்படியே. மயக்கம் முற்றிலும் தெளியாத குழந்தையை மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே அமர்த்திக் கொணர்தல் கூடாது. தலை முன்னே கவிழ்ந்தால் மூச்சு அடைபடும். ஓட்டுபவர் அதைக் காணமாட்டார். நான்கு சக்கர வண்டியாயினும், வண்டியோட்டுபவர் அல்லாத ஒருவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் காட்டோரச் சிற்றூர்களுக்கு இரவில் யானைகள் கடக்கும் சாலைகளே வழி. நள்ளிரவில் குழந்தை இரத்த வாந்தி எடுத்தால் அங்கிருந்து எப்போது மருத்துவமனை சேர்வது? அத்தகையோர்க்கு, நோய் எளியதாயினும், ஓர் இரவு நகரிலோ மருத்துவமனையிலோ தங்குவதே அறிவுடைமை. நோயின் தன்மையை மட்டுமன்றி, வீட்டின் தொலைவையும் மருத்துவரிடம் எடுத்துரைப்பது பெற்றோரின் கடமை.

மொழி இன்னொன்று. இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வடநாட்டுத் தொழிலாளரின் இந்தியும் சேர்ந்துகொண்டது. அனுப்பும்போது கையில் கொடுக்கும் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் கண்காணிக்க வேண்டியவள் தாய். அவளுக்குப் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது. இரத்த வாந்தி, கரிய மலம், கழுத்திலோ நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, கழுத்து வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத உறக்கம்: இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை, தாயின் மொழியில் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லச் செய்து அனுப்புவதே முறை. நிக்கால் தம் செவிலியரை வீட்டுக்கு அனுப்பினார். நாம் குறைந்தது இரவில் அழைக்கத்தக்க ஒரு தொலைபேசி எண்ணையாவது கொடுத்தனுப்பலாம் அல்லவா?

பொருள்நிலையையும் மறத்தற்கில்லை. 24 மணி நேரம் சேர்ந்திருந்தால்தான் பணம் தருவோம் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் பழைய நியதி. பட்டியலிட்ட பகல்நேரச் சிகிச்சைகளுக்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டது. அதனால், திரும்பத்தக்க பிள்ளை தங்கவும், கூலிக்கு அஞ்சித் தங்கத்தக்க பிள்ளை திரும்பவும் நேர்வதுண்டு. குழந்தையின் மூச்சும் வயதும் நோயும் முடிவு செய்ய வேண்டிய ஒன்றை, படிவமும் சம்பளப் பட்டியலும் முடிவு செய்வது முறையன்று. சேர்வதற்கு முன்னரே காப்பீட்டு விதியைக் கேட்டறிந்துகொண்டால் இந்த நெருக்கடி ஓரளவு தணியும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நூலில் கட்டிய பஞ்சில் தொடங்கிய முயற்சி, மயிரிழை ஒளிக்கற்றை வரை வளர்ந்துள்ளது. சோதனை பெரும்பாலும் பாதுகாப்பானதே; அன்றே வீடு திரும்புதலும் பல குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதே. ஆனால் குழந்தையோடு மருத்துவமனையின் விழிப்பும் வீட்டுக்கு வரவேண்டும். அது வரும் என்று உறுதியானால் மகிழ்ந்து திரும்புக. உறுதியில்லையேல், ஓர் இரவுக் கூலியைக் கணக்கிடாமல் தங்குக. பொத்தான் பாட்டரியையும் அமிலப் புட்டியையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இன்றே எடுத்து வைத்துவிட்டால், இந்த வினாவே பல இல்லங்களில் எழாமல் போகும்.